பட்டியலில் இல்லாத கோயில்

"பாங்கொக்கில் முதலாவதாக எங்கை போவீர்?"

குடிவரவு அதிகாரி இப்படித்தான் கேட்பானாம். எங்கள் வீட்டில் அந்த அதிகாரி நான்தான். குசினிக்குள் புட்டு அவித்தபடியே கேட்பேன். என் மனுசன் தயாபரன் கதிரையில் நிமிர்ந்து இருந்து ஒப்புவிப்பார்.

"பெரிய அரண்மனை. பிறகு படுத்திருக்கிற புத்தர். நீளம் நாற்பத்தாறு மீற்றர்."

"அரண்மனைக்குள்ளை அரைக்காற்சட்டையோட போகலாமோ?"

"ஏலாது. முழங்கால் மூடோணும்."

"ஜெயபுரத்தில நெல்லு விதைக்கிற ஆள் உந்தப் புத்தரைப் பாக்க ஏன் பிளேன் ஏறுறீர்?"

"அந்தக் கேள்வி லிஸ்டில இல்லை, யது" என்று சிரிப்பார்.

பட்டியல் ஏஜென்சிக்காரன் சதீஸ் தந்தது. முதல் முறை வருபவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய பத்து இடங்கள். போவது சுற்றுலா விசாவில், அதனால் சுற்றுலாக்காரன் மாதிரிக் கதைக்க வேண்டும். இறங்கியபின் ஒரு கொம்பனி வந்து கூட்டிப் போய்க் கொம்பியூட்டர் வேலை தருமாம். உழவு மெசினைத் தவிர வேறு மெசின் தெரியாத மனுசனுக்கு என்ன கொம்பியூட்டர் என்று கத்தினேன். "பழக்குவினமாம்" என்றார். இரண்டு போகமும் வெள்ளத்தில் போன வயலை நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு மூடிய வாய்க்காக இன்றைக்கும் என்னை நானே திட்டுகிறேன்.

அவர் போய் இறங்கிய சனிக்கிழமை, கண்டாவளையில் ஏரம்புப் பெரியப்பா செத்துப்போனார். தகப்பனில்லாத இவரை வளர்த்து ஆளாக்கியவர். போனில் சொன்னதும் விமான நிலையத்தில் நின்றபடியே ஓவென்று அழுதார்.

"துடக்கு, யது. முப்பத்தொரு நாளும் சாமியறையைப் பூட்டி வையும். நானும் இஞ்சை ஒரு கோயில் வாசலும் மிதிக்க மாட்டன்."

சாவுத் துடக்கு விசயத்தில் அவர் அப்படித்தான். தூரத்துச் சொந்தத்தில் ஒருவர் செத்ததற்கே நேர்ந்து வைத்த காவடியை நிறுத்தியவர். நான் சாமியறையைப் பூட்டினேன். அதற்குப் பிறகு அவரோடு நேரே கதைக்கக் கிடைக்கவில்லை. நான் எடுத்தால் போன் அடிக்கும், எடுக்க மாட்டார்.

ஞாயிறிலிருந்து குரல் பதிவுகள் வரத் தொடங்கின. நாளுக்கு ஒன்று, கூடவே ஒரு படம். முதல் நாள் அரண்மனை. படத்தில் அரண்மனை இருந்தது, அவர் இல்லை. "உங்கட வடிவான முகத்தையும் ஒருக்காக் காட்டுங்கோவன்" என்று அனுப்பினேன். பதிலில்லை. மறுநாள் புத்தர். "நீளம் நாற்பத்தாறு மீற்றர். முதல் முறை வருபவர்கள் தவறவிடக் கூடாது" என்றது அவருடைய குரல். ஐயோ, பட்டியலில் இருந்த வசனம், ஒரு எழுத்தும் பிசகவில்லை. என்னோடு கதைக்கிற மனுசன் அப்படியா கதைப்பார்?

ஒவ்வொரு பதிவும் ஒரே மாதிரி முடிந்தது. "செந்தூரனையும் அனுப்பும். நல்ல இடம்." செந்தூரன் என் தம்பி. அத்தானின் குரலைக் கேட்டுக் கேட்டு அவன் பையை அடுக்கிவிட்டான். பொலிசுக்குப் போவோமா என்று யோசித்தேன். ஆனால் தினமும் குரல் அனுப்புகிற புருசனைக் காணவில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

இன்று காலை செந்தூரனின் பாஸ்போர்ட்டை வாங்க சதீஸ் வந்து முன்னறையில் இருந்தான். அப்போதுதான் எட்டாவது பதிவு வந்தது. "போடுங்கோ அக்கா, கேப்பம்" என்றான். போட்டேன்.

"யது, இண்டைக்கு இஞ்சை அம்மன் கோயிலுக்குப் போனனான். தேங்காய் உடைச்சு உம்மட பேரில அருச்சனை செய்தனான். திருநீறு பூசிக்கொண்டு வந்தனான். மனசுக்கு நிறைவு. செந்தூரனையும் அனுப்பும்."

சதீசுக்கு முகமெல்லாம் பல். "பாத்தியளோ! எங்கட லிஸ்டிலையே இல்லாத இடம். குடுத்து வைச்ச மனுசன்!"

பெரியப்பா செத்து ஒன்பது நாள். சதீசின் தலைக்குப் பின்னால் சாமியறைப் பூட்டு தொங்கியது. செந்தூரனும் அதைப் பார்த்தான், வாயைத் திறந்தான்.

"போய்த் தேத்தண்ணி போடடா" என்று அவனை உள்ளே விரட்டினேன்.

அவர் பக்கத்தில் யாரோ நின்று கதைக்க வைக்கிறார்கள். அவர்களுக்கு எங்கள் வீட்டுச் சாவு தெரியாது. நான் சொல்வது ஒன்றையும் நம்பாதே, தம்பியை அனுப்பாதே என்று சொல்லத்தான், அந்த மனுசன் துடக்கோடு அம்மனைக் கூப்பிட்டிருக்கிறார்.

"என்னக்கா, முகம் வெளிறிப்போச்சு?"

"சந்தோசம், தம்பி." அவனுக்கு முன்னாலேயே போனை வாயருகில் பிடித்தேன். "நல்லதப்பா. நாங்களும் நேற்றுப் பிள்ளையாருக்குப் பொங்கினனாங்கள். சாமியறையில விளக்கு எரியுது. தம்பியைப் பற்றி யோசியாதேங்கோ."

பிறகு அவனிடம் சொன்னேன். "பாஸ்போர்ட்டில பேர் பிழை. திருத்தக் குடுத்திருக்கு. புதன்கிழமை வாங்கோ." பாஸ்போர்ட் அலுமாரியில் என் சேலைக்கு அடியில் கிடந்தது.

அவன் தேநீரை ஆறுதலாகக் குடித்து முடித்தான். "பிந்தாதேங்கோ, அக்கா" என்றான் மெதுவாக. "அடுத்த ஆள் வரும் எண்டதாலதான் அண்ணையை அங்கை நல்லாப் பாக்கினம்."

அவனுடைய மோட்டார் சைக்கிள் சத்தம் ஓய்ந்தபின் போன் டிங் என்றது. அவர்தான். மூன்று செக்கன் பதிவு.

"பொங்கல் நல்லாய் இருந்துதோ?"

குரல் உடைந்திருந்தது. விளங்கிவிட்டது அவருக்கு. போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதேன்.

செந்தூரன் இப்போது வாசலில் மோட்டார் சைக்கிளோடு நிற்கிறான். கிளிநொச்சிப் பொலிசுக்குப் போகிறோம். துடக்கு, காவடி, பூட்டு என்று நான் சொல்லப் போவதை எழுதுகிறவன் நம்புவானோ தெரியாது. பட்டியலையும் எடுத்துக்கொண்டேன். பதிவுகளில் வந்த இடங்களுக்கெல்லாம் பென்சிலால் சரி போட்டிருக்கிறேன், ஏழு சரி. கோயில் அதில் சேராது.

இன்னும் மூன்று இடங்கள் இருக்கின்றன. திங்கள், செவ்வாய், புதன். அதோடு பட்டியல் முடிந்துவிடும். புதன்கிழமை சதீஸ் வெறுங்கையோடு திரும்பினால், அதற்குப் பிறகு என் மனுசனின் குரல் அவர்களுக்கு எதற்கு?