ஆரம் சமம்

ஆந்திரா தனி மாநிலமாகி, எல்லைக்கோடு எங்கே என்று ஊரெல்லாம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சமயம். சித்தூரில் ஞானசௌந்தரி படித்த பள்ளியில் ஐந்தாம் பாரத்துக்குத் தமிழ்ப் பிரிவு இனிமேல் கிடையாது, எல்லாம் தெலுங்கில்தான் என்று சொல்லிவிட்டார்கள். சண்டை பெரியவர்களுடையது; அடி விழுந்தது பதினைந்து வயசுப் பெண்ணுக்கு.

அதிலும் அவள் இருந்தது உயர்கணக்கு வகுப்பு. அதில் இருந்தால்தான் காலேஜில் சயின்ஸ் எடுத்து டாக்டருக்குப் படிக்க முடியும். போன வாரம் வாத்தியார் கங்கையா பலகையில் இரண்டு பின்னங்களை எழுதி அவளைக் கூப்பிட்டார். "ஹாராலு சமானம் செய்யி."

ஆரங்களைச் சமமாக்கு என்று அவள் காதில் விழுந்தது. ஆரம் என்றால் வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்பு வரை உள்ள தூரம், இதுகூடத் தெரியாதா? ஜடை ரிப்பனை அவிழ்த்தாள். சாக்பீஸில் கட்டினாள். இம்மி பிசகாமல் ஒரே அளவில் இரண்டு வட்டம் போட்டாள்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. அவளைப் போலவே தமிழ்ப் பிரிவிலிருந்து வந்த புத்தூர்க்காரன் கோவர்த்தனன் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தான். கங்கையா மட்டும் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை மறுபடி கூப்பிடுவேன், அன்றைக்கும் இப்படி என்றால் சாதாக் கணக்குக்குப் போய்விடு என்றார்.

அன்றிலிருந்து அவளுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. பார்க்கச் சகிக்காமல் அண்ணன் பெண்டாட்டி ரத்தினம்மா அவளைத் திருப்பதியில் இருந்த தன் தாய்வீட்டுக்குக் கூட்டிப்போனாள். ஞாயிறு காலை சர்ச் ஆராதனை முடிந்து ரயிலில் திரும்பினால், பெட்டி முழுக்க மலையிறங்கி வந்த மொட்டைத் தலைகள்! சந்தனம் பூசி, பளபளவென்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு நடுப்புள்ளி, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆரம்.

சந்திரகிரி தாண்டியதும் சௌந்தரியின் கண் சொக்கியது. மொட்டைகளெல்லாம் சந்தன வாசனையோடு ஜன்னல் வழியே மெல்ல மிதந்து போயின. அவளும் ரிப்பனைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள். கீழே ரயில் சிறுத்துக்கொண்டே போனது. பயமே இல்லை, சுகமாகக்கூட இருந்தது. ஆனால் ஒன்றை அளந்தால் இன்னொன்று பெருத்தது. மலையுச்சியில் நின்ற கங்கையா, சமானம் செய்யி என்றார்.

"ஆரம் சமம்... ஆரம் சமம்..."

"ஏமி அம்மாயி, தூக்கத்துல யாருக்கு ஹாரம் போட்டுக்கினு கீற? மாப்பிள்ள கெடச்சுட்டானா?"

எழுப்பியது ரத்தினம்மா. அந்தக் கேலிக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

"மாலை இல்ல வதினா. கணக்குல வர்ற ஆரம். வட்டத்தோட ஆரம்."

"வட்டமா? ஹாரத்துக்கு வட்டம் இன்னாத்துக்கு?"

ஜன்னல் கட்டையில் ரயில்கரி படிந்திருந்தது. ரத்தினம்மா தெலுங்குப் பள்ளியில் ஏழாவதோடு நின்றவள். கரியில் விரலால் ஒரு கோடு இழுத்து மேலே மூன்றும் கீழே நான்கும் எழுதினாள். "மேல கீறது லவம். கீழ கீறது ஹாரம். அவ்ளோதான்."

ஹாரம் என்றால் பகுதி! சின்ன வகுப்பிலிருந்தே சௌந்தரிக்குத் தண்ணீர்பட்ட பாடு. கரியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் மக்கு இல்லியா வதினா?"

"யார்ரீ சொன்னது? ஒரு 'ஹா' காதுல வுழல, அதுக்குப் போயி..." என்று ரத்தினம்மா அவள் தலையை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். பாகாலா வந்ததும் தெரியாமல் சௌந்தரி தூங்கினாள். கனவில் யாரும் எதையும் அளக்கவில்லை.

திங்கட்கிழமை கங்கையா கூப்பிட்டார். சாக்பீஸை எடுப்பதற்கு முன்னால் வாயைத் திறந்தாள்.

"சார், எங்க தமிழ்ல ஆரம்னா வட்டத்தோடது சார். அதான் அன்னிக்கு வட்டம் போட்டேன்."

பிறகு கணக்கைப் போட்டாள். விடை சரியாக வந்தது. கங்கையா தானே சாக்பீஸை வாங்கி 'சரி' அடையாளம் போட்டார்.

"நேனு எகதாளி அனுகுன்னானம்மா," என்றார். கேலி பண்ணுகிறாய் என்றல்லவா நினைத்தேன்! "போ, உன் இடத்துல உக்காரு. அது உன்னுதுதான்."

யாரும் சிரிக்கவில்லை. பின் பெஞ்சில் கோவர்த்தனன் எழுந்து நின்றான். முகம் வெளிறிக் கிடந்தது.

"சார், அப்ப லவம்னா இன்னா சார்?"