எழுபதாம் எண்ணில் இருந்த கேமரா

பிரசவ வார்டில் பன்னிரண்டாம் கட்டில்காரிக்குக் குழந்தை பிறந்து மூன்று நாளாகியும் அவள் அதைக் கையில் வாங்கவில்லை. ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்ட பெண் குழந்தை. மேல்மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அறுவைக்குப் பிறகு காய்ச்சல் கண்டதால் தாய் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்றுவிட்டார்கள். பெட்டிக்கு மேலே ஒரு கேமரா, அவள் மடியில் ஒரு டேப்லெட். நேற்று வரை அதில்தான் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று விடிந்ததிலிருந்து திரை இருட்டு.

ஆஸ்பத்திரியின் நெட்வொர்க்கைக் கவனிக்கும் பெண்ணை எல்லோரும் ஒயரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் வந்து நின்றதும் தாய் கேட்டாள்:

"பாப்பாவுக்கு ஏதாவது ஆயிடுச்சாக்கா? என்கிட்ட மறைக்கிறாங்களா?"

"சேச்சே! கேமராவுக்குத்தாம்மா உடம்பு சரியில்ல."

சொன்னது போதவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஒயரக்கா மாடிக்குப் போன் போட்டு, தாய்க்கும் கேட்கும்படி வைத்தாள். "சிஸ்டர், கேமராவுல லைட் எரியுதா?"

"பச்சையா எரியுது. பெட்டிக்குள்ள இந்தக் குட்டியம்மா ஜம்முனு காலை உதைச்சுக்கிட்டு இருக்காங்க."

தாய்க்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஒயரக்கா கட்டிலோரம் உட்கார்ந்து, நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் கொடுத்த முகவரி எண்களின் பட்டியலை விரித்தாள். டேப்லெட்டின் முகவரியில் கடைசி எண் 50, கேமராவினுடையதில் 70. அவளுக்குச் சுருக்கென்றது.

"தப்பு என்னோடதும்மா. முன்னாடி பூஜ்யத்துலேர்ந்து நூத்தி இருபத்தேழு வரைக்கும் ஒரே பிரிவு. அம்பதும் எழுபதும் நேரா பேசிக்கும். ரத்தப் பரிசோதனைக்குப் புது மிஷினுங்க வந்ததால, நேத்து ராத்திரி அறுபத்து நாலு அறுபத்து நாலா பிரிச்சேன். அறுபத்து மூணோட உங்க பிரிவு முடிஞ்சுபோச்சு. கேமராவை மாத்த மறந்துட்டேன்."

"அப்போ என் பொண்ணு வேற வகுப்புல போய் உக்காந்துட்டாளா?" தையல் வலிக்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் தாய். பிறகு பட்டியலை எட்டிப் பார்த்தாள். "அறுபத்து மூணு காலியாத்தானே இருக்கு? அதைக் குடுங்களேன்."

"அது பிரிவுல இருக்கிற எல்லாருக்கும் ஒரே நேரத்துல சேதி சொல்றதுக்கு வச்சிருக்கிற எண். தனியா யாருக்கும் குடுக்க முடியாது. அறுபத்து ரெண்டு நர்ஸ் மேஜை. அறுபத்தொண்ணு காலி, அது உங்க பொண்ணுக்கு."

டேப்லெட்டில் கேமராவின் புது எண்ணைப் பதிந்துவிட்டு, லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறி ஓடினாள். மடிக்கணினியைக் கேமராவோடு இணைத்து 61 என்று மாற்றினாள். பிரிவின் எல்லையைச் சொல்லும் பழைய மாஸ்க் எண்ணை அழித்து 255.255.255.192 என்று அடித்தாள். பிறகுதான் பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள். தொப்பிக்குள் பாதி மறைந்த முகம், கொட்டாவி விடப் பார்த்து முடியாமல் சுருங்கியது.

கையிலிருந்த போன் அடித்தது. பன்னிரண்டாம் கட்டில்காரி.

"அக்கா, தெரியுது, தெரியுது! கொஞ்சம் நகருங்களேன், உங்க தலை மறைக்குது!"

ஒயரக்கா சட்டென்று கீழே உட்கார்ந்தாள். போனை வைக்க மனம் வரவில்லை. பெயர்கூட வைக்காத மகளைத் தாய் "ராசாத்தி, ராசாத்தி" என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள்.