காற்று விடாத தொட்டி

ஊர் என்னைக் கக்கூஸ் தண்ணிக்காரன் என்கிறது. சொல்லிவிட்டுப் போகட்டும். தொண்டைமானாற்றுப் பக்கமிருக்கிற கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை ஏழு வருசமாக நான் ஒருத்தன்தான் பார்க்கிறேன். இதை விட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை. வல்வெட்டித்துறையில் வீடு இருக்கிறது. அதற்குள் உதயகலா இல்லை. என் மனைவி போன மாசியில் தொய்வு வந்து மூச்சுமுட்டிச் செத்துப்போனாள்.

இங்கே இரண்டு தொட்டி. முதலாவதில் மோட்டார் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். அதிலுள்ள கிருமிகள் அழுக்கைத் தின்று அமோனியாவை நைத்திரேற்று என்கிற உப்பாக மாற்றும். இரண்டாவது தொட்டிக்குக் காற்றே விடக்கூடாது. அங்கே கிருமிகள் வேறு வழியில்லாமல் நைத்திரேற்றிலுள்ள ஒட்சிசனைப் பிடுங்கி மூச்சு விடும். மிச்சம் வாயுவாக மேலே போய்விடும். அந்த வேலை நடக்காவிட்டால் நைத்திரேற்று சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் இறங்கி ஊர்க் கிணறுகளுக்குப் போகும். கைக்குழந்தைக்குப் பால் கரைக்கிறதும் அந்தத் தண்ணீரில்தான்; கூடினால் குழந்தைக்கு நஞ்சு.

மூன்று மாசமாகப் பரிசோதனையில் நைத்திரேற்று கூடிக்கொண்டே வந்தது. இந்த வெள்ளிக்கிழமையும் கூடினால் என்னை யாழ்ப்பாணத்துக் கந்தோருக்கு மாற்றிவிடுவார்களாம். அங்கே மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்து சுவரைப் பார்க்கலாம்.

திங்கட்கிழமை காலை இஞ்சினியர் பிரசாந்தி வந்தாள். கெட்டிக்காரப் பெட்டை. இரண்டாவது தொட்டிக்குள் கருவியை விட்டுப் பார்த்தவள், காற்றுக் குழாய் வழியே நடந்துபோய் ஒரு வால்வின் முன்னால் நின்றாள். அது விரலளவு திறந்திருந்தது.

"ஆர் அண்ணை இதைத் திறந்தது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "நான்தான். அதுகள் மூச்சுக்கு அந்தரிக்கிறதைப் பாத்துக்கொண்டிருக்க ஏலாமல் போச்சு, பிள்ளை."

கிருமிதானே என்று அவள் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. உதயகலாவைக் கடைசியாக ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதைச் சொன்னேன். வழியில், வல்லை வெட்டவெளியில் ஆளைத் தள்ளுகிற காற்று. என் மடியில் கிடந்தவளுக்கு மட்டும் அது கிடைக்கவில்லை.

பிரசாந்தி வால்விலிருந்து விலகி எனக்கு இடம் விட்டாள். பிறகு, "நீங்களே பூட்டுங்கோ அண்ணை," என்றாள்.

பூட்டினேன். அவள் போன பிறகு தொட்டி விளிம்பில் குந்தியிருந்தேன். தண்ணீர் அசுமாத்தமில்லாமல், ஒரு அசைவுமில்லாமல் கிடந்தது. ஏதோ கொலை செய்துவிட்டவன் மாதிரி இருந்தது. கொண்டுபோன சோற்றுப் பார்சலை அவிழ்க்காமலே வீட்டுக்குத் திரும்பினேன்.

புதன்கிழமை மத்தியானம் பார்த்தபோது தண்ணீரில் கடுகளவு குமிழ்கள் வந்து வந்து உடைந்தன. காற்று விடாத தொட்டி. மோட்டாரும் இல்லை. கிருமிகள் அதுகளாக விட்ட மூச்சு. நான் வெட்கமில்லாமல் அழுதேன், பார்க்க யார் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் பிரசாந்தி போன் எடுத்தாள். நைத்திரேற்று இறங்கிவிட்டதாம், எனக்கு இடமாற்றம் இல்லையாம். எனக்குச் சந்தோசம்தான். அதைச் சொல்ல ஆளில்லை.

தொட்டியடிக்குப் போனேன்.

"உதயா, காத்தில்லாமலும் அதுகள் சாகேல்லையடி," என்றேன்.

நானும் சாகவில்லை. அவள் போய் எட்டு மாசம் ஆகிறது.