பல் டாக்டர் வாசலில் நின்ற கார்

இந்தக் காலத்தில் கடையில் சோப்பு வாங்கினாலும் போன் நம்பர் கேட்கிறான். எதற்கு என்று ஒருத்தரும் கேட்பதில்லை. கடகடவென்று ஒப்பித்துவிட்டுப் போகிறார்கள். நான் ஒருமுறை கேட்டேன். "ஆஃபர் வந்தா கூப்பிட்டுச் சொல்லுவோம் சார்" என்றான். சோப்பு தீர்ந்தால் நானே வருவேன், நீ கூப்பிட வேண்டாம் என்றேன். பின்னால் நின்றவர்கள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். ஓசியில் எது வந்தாலும் அப்படித்தான், கை தானாக நீளுகிறது. கொடுக்கிறவன் ஏன் கொடுக்கிறான் என்று யோசிக்க யாருக்கும் பொழுதில்லை.

மாப்பிள்ளை கார் கொடுத்தபோது என் வீட்டிலும் இதே கூத்துதான்.

மகள் அவனை விட்டு வந்தபோது வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. "எங்க போனாலும் தேடி வருவேன்" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தான். மகன் வீடு அவனுக்குத் தெரியும் என்பதால் அவள் எங்களோடு தங்கவில்லை. ஊரின் மறுகோடியில் ஒரு மாடி அறை எடுத்துக்கொண்டாள். அந்த விலாசம் எனக்கும் மகனுக்கும் மட்டும்தான் தெரியும். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. விடியற்காலை ஷிப்டுக்குப் பஸ் கிடையாது. கார் இல்லாவிட்டால் வேலை நிலைக்காது.

மெக்கானிக் ஷெட்டில் ஒரு பழைய கார் பார்த்து வைத்திருந்தேன். கதவு நசுங்கியிருந்தது. கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். ரேடியோ இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. எனக்குப் பிடித்ததே அந்த ஓட்டைதான்.

அதற்குள் மாப்பிள்ளை ஒரு டிரைவர் மூலம் தன் காரை மகன் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். அவள் ஓட்டிய கார்தானே, அவளே வைத்துக்கொள்ளட்டும், எனக்குக் கோபமில்லை என்று சேதி வேறு. வாசலில் பளபளவென்று நின்றது. உள்ளே தாம்பாளம் அகலத்துக்கு ஒரு திரை.

"மனசு மாறிட்டாருப்பா" என்றான் மகன்.

"பூனை சைவமாயிடுச்சுன்னு எலி வந்து சொல்லுது. அந்தத் திரை எதுக்குடா?"

"வழி காட்டும். கார் எங்க நிக்குதுன்னு ஓனரோட போன்லயும் தெரியும். பயப்படாதீங்க, அவர் சம்பந்தப்பட்ட எல்லாத்தையும் அழிச்சுட்டேன்."

"நீ அழிச்சது இந்தப் பக்கம். அந்தப் பக்கம் அவன் கையில இல்ல இருக்கு?"

"அவரும் எடுத்துட்டேன்னு சொல்லிட்டாரு."

"அவளே படியில விழுந்து கையை உடைச்சுக்கிட்டான்னு சொன்னதும் அவருதான்."

மகள் சாவியைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். "இருட்டுல நடுரோட்டுல நின்னு போற வண்டிக்கெல்லாம் கை காட்டுறதுக்கு இது பரவாயில்லப்பா. உங்க ஓட்டைக் கார் பாதி வழியில நின்னுட்டா?" என்றாள். சாயங்காலம் அதிலேயே தன் அறைக்குப் போவதாக இருந்தாள்.

"தாராளமா போ. அதுக்கு முன்னாடி நானும் உங்கண்ணனும் ஒரு சுத்து சுத்திட்டு வர்றோம்" என்றேன்.

எங்கள் வீட்டில் யாரும் கால் வைக்காத இடமாகப் பார்த்து ஒரு பல் டாக்டர் வாசலில் நிறுத்தச் சொன்னேன். எனக்கு மிச்சம் இருப்பதே நாலு பல், அதுவும் ஆளுக்கொரு திசை. போர்டில் ஒரு பெரிய பல் சிரித்துக்கொண்டிருந்தது. உள்ளே யாருக்கோ குடைந்துகொண்டிருந்தார்கள்.

"எல்லாத்துலயும் சந்தேகம் உங்களுக்கு" என்றான் மகன்.

"அதனாலதான் இவ்வளவு வருஷம் தாக்குப் பிடிச்சிருக்கேன். சும்மா உக்காரு."

உட்கார்ந்தோம். அலுத்துப்போய் அவன் வண்டியைக் கிளப்பப் போனபோது அவன் போன் மணியடித்தது. எடுத்துப் படித்தான். போனைக் கவிழ்த்து மடியில் வைத்தான்.

"சத்தமாப் படிடா."

"'மச்சான், உங்க தங்கச்சிக்குப் பல் வலியா? அந்த டாக்டர் நல்ல டாக்டர்தான். நான் கேட்டதாச் சொல்லுங்க.'"

திட்டு இல்லை, மிரட்டல் இல்லை. நலம் விசாரிக்கிறான். காரணமே இல்லாமல் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. ஏசி காற்று மட்டும் பிடரியில் சில்லென்று அடித்துக்கொண்டிருந்தது.

வீடு வந்து சேர்ந்ததும் மகன் கார் கம்பெனிக்குப் போன் போட்டுக்கொண்டு வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தான். முடித்தபோது முகத்தில் தெளிவு வந்திருந்தது.

"இப்ப கம்பெனியே அவரை எடுத்துடுச்சுப்பா. என் போனைச் சேர்த்துட்டாங்க. இனிமே அவரால ஒண்ணும் பார்க்க முடியாது. சத்தியமா."

"காலையிலயும் இதையேதான் சொன்ன."

"அது வேற, இது வேற."

"எடுத்தது யாரு?"

"கம்பெனியில ஒரு பொண்ணு."

"கார் இப்ப எங்க நிக்குதுன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"அவங்களுக்குத் தெரியாம எப்படிப்பா..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

மகள் அவன் போனை வாங்கி அந்தச் சேதியை ஒருமுறை படித்தாள். மறுபடி படித்தாள். திருப்பிக் கொடுக்கும்போது உடைந்து சேர்ந்த மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள். பிறகு காருக்குள் வைத்திருந்த தன் பையையும் சாப்பாட்டு டப்பாவையும் வெளியே எடுத்தாள்.

"அந்த ஷெட் எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்பா?"

"நாம போற வரைக்கும் இருக்கச் சொல்றேன். வா."

"அப்பா, கொஞ்சம் நில்லுங்க! அவளையும் கெடுக்காதீங்க. அதான் எடுத்தாச்சுன்னு சொல்றேன்ல?" என்று கத்தினான் மகன். நான் நிற்கவில்லை. மெயின் ரோட்டை விட்டுச் சந்துப் பக்கம் திரும்பப் போனேன்.

பின்னால் 'டிக்' என்று சத்தம் கேட்டது. எதிர்ச் சுவரில் கார் விளக்கு ஒருமுறை அடித்து அணைந்தது. மகள் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். சாவி அவள் கையில்தான் இருந்தது.

"நான்தான்! போன்ல பூட்டினேன், பயப்படாதீங்க!" என்று மகன் குரல் கொடுத்தான்.

மகனாகவே இருக்கலாம். அவள் சாவியை அண்ணன் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்துவிட்டு வந்தாள்.

"திரும்பிப் பார்க்காத, வேகமா நட" என்றேன்.