பழுப்புப் பெயின்டுக்கு அடியில்

அந்த ஆளைப் பார்த்ததுமே மிரெல்லாவுக்குப் பிடிக்கவில்லை. மருந்துக்கடையில் நின்று, டாக்டர் சீட்டைத் திருத்தித் தூக்க மாத்திரை வாங்க வருகிறவர்களை ஆயுள் முழுக்கப் பார்த்துவிட்டதில் அவளுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. எதிரே நிற்பவர் கண்ணை எங்கே வைத்திருக்கிறார் என்றுதான் முதலில் கவனிப்பாள். இவன் கண் அவள் முகத்தில் இல்லை. சன்னல் வழியே, எதிர்ச்சரிவில் இருந்த சிற்றாலயத்தின் மேல் இருந்தது.

கடைக்கு மேல்தான் வீடு. சாப்பாட்டு அறையில் யாரும் சாப்பிட்டு வெகுநாளாயிற்று. மேசை நிறைய சக்கரங்கள், சுவரோரம் பழைய பந்தய சைக்கிள்களின் ஃபிரேம்கள், பாத்திர அலமாரியில் பிரேக்கும் செயினும். கல்யாணம் செய்துகொள்ளாத பெண்ணுக்கு இப்படி ஒரு பித்து என்று வால்செர்னா என்ற அந்த இத்தாலிய மலையூர் முதலில் சிரித்தது. பிறகு தன் வீட்டுத் துருப்பிடித்த சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றது.

"பெயின்ட்டை மட்டும் எடுத்துக் குடுங்க மருந்துக்கடையம்மா," என்றான் அவன், தூக்கி வந்த பழுப்பு நிறப் பழைய சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு. "அடி வரைக்கும். என்ன நிறம்னு தெரிஞ்சா போதும்."

"ஓட்டறதுக்கா, விக்கறதுக்கா?"

"தெரிஞ்சுக்கறதுக்கு."

"பேரு?"

கொஞ்சம் யோசித்தான். சொந்தப் பெயரைச் சொல்ல எதற்கு யோசனை? "கொர்ராதோ."

"கொர்ராதோ, அப்புறம்?"

"கொர்ராதோன்னே வச்சுக்கங்க. அடுத்த சனிக்கிழமை வரேன்."

சமவெளிக்காரன் பேச்சு. கிரெமோனா பக்கம். அங்கே சைக்கிள் பார்க்கத் தெரிந்தவர்களே இல்லையா, இவ்வளவு தூரம் மலையேறி வர? அவன் படியிறங்கியதும் மிரெல்லா ஃபிரேமைத் தலைகீழாகப் புரட்டினாள். அடியில் எண் அப்படியே இருந்தது, அரம் போட்ட தடயம் இல்லை. திருட்டு வண்டி இல்லை போல. அப்படியானால் வேறு ஏதோ.

சன்னலுக்கு வந்து பார்த்தாள். அவன் காருக்குப் போகவில்லை. சரிவில் ஏறி, சிற்றாலயத்தின் கம்பிக் கதவில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றான். பிறகு உள்ளே தொங்கியதைப் படம் எடுத்தான்.

உள்ளே தொங்கியது அத்தீலியோவின் வான்நீல சைக்கிள். அந்த ஊர் பெற்ற ஒரே பந்தய வீரன் அத்தீலியோ. மலையேற்றத்தில் அவனை விரட்டிப் பிடித்தவர்கள் குறைவு. பந்தயங்களை விட்ட பிறகும் ஓட்டுவதை அவன் விடவில்லை. நாற்பது வருடங்களுக்கு முன்னால் பயிற்சிக்குப் போனவன், ஊர் எல்லை வளைவில் இதயம் நின்று இறந்து கிடந்தான். ஒவ்வொரு செப்டம்பரிலும் பழைய சைக்கிள்களில் நூற்றுக்கணக்கானோர் அங்கே ஏறி வருவார்கள். பாதிரியார் அந்த நீல சைக்கிளை முதலில் ஆசீர்வதித்துவிட்டுத்தான் மற்றவற்றுக்குத் தீர்த்தம் தெளிப்பார்.

ஆலயத்தின் சாவி கசாப்புக்கடைக் கௌதென்சியோவிடம். சைக்கிள் சங்கத்தின் தலைவர் அவர். அவருக்கு முன்னால் அவர் அப்பா. கௌதென்சியோ மிரெல்லாவோடு ஒரே வகுப்பில் படித்தவர். விஷயத்தைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"படம் எடுத்தானா? எதுக்கு?"

"அதத்தானே உன்கிட்ட கேக்கறேன்."

"திருட வந்திருக்கான். இன்னைக்கே பூட்டை மாத்தறேன். அவன் வண்டியை நீ எதுக்கு வாங்கி வச்ச? உனக்கு இரும்பைக் காட்டினா போதும், புத்தி போயிடும்."

"வண்டிக்கும் உன் பூட்டுக்கும் என்னடா சம்பந்தம்? நீ ஏன் இப்படி வேர்க்கற?"

"கடை சூடா இருக்கு," என்றார் கௌதென்சியோ. குளிர்பெட்டியின் பக்கத்தில் நின்றுகொண்டு.

அன்று மாலை மிரெல்லா ஃபிரேமில் பெயின்ட் உரிக்கும் களிம்பைத் தடவிச் சுரண்டத் தொடங்கினாள். மேலே இருந்த பழுப்பு, வீட்டுக் கதவுக்கு அடிக்கிற மட்டமான பெயின்ட். தூரிகையின் மயிர்கூட அதில் ஒட்டிக் காய்ந்திருந்தது. பெயின்ட் சுருண்டு உரிந்தது. அடியில் வான்நீலம். குழாய்கள் சேரும் இடங்களில் சிவப்புக் கோடு.

கையை எடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அத்தீலியோவின் நீலம். அத்தீலியோவின் சிவப்புக் கோடு.

ஆக, இதுதான் சங்கதி. சந்தைகளில் இப்படி நடப்பதை அவள் கேள்விப்பட்டிருந்தாள். ஏதோ ஒரு பழைய ஃபிரேமை எடுத்து வீரனின் நிறத்தை அடிப்பார்கள். வெயிலிலும் மழையிலும் போட்டு முதுமை ஏற்றுவார்கள். அதன்மேல் பழுப்பைப் பூசி, விவரம் தெரிந்த யாரிடமாவது சுரண்டக் கொடுப்பார்கள். தன் கையால் கண்டெடுத்ததை யார் சந்தேகப்படுவார்கள்? நாளைக்கு 'வால்செர்னா மருந்துக்கடையம்மாவே எடுத்துப் பார்த்துச் சொன்னாங்க' என்று இவன் ஊரெல்லாம் சொல்லிக்கொள்வான். அதற்குத்தான் சுவரில் இருப்பதைப் படம் எடுத்திருக்கிறான், ஒப்பிட்டுப் பார்க்க.

"என்னையா ஏமாத்தப் பாக்கற?" என்று ஃபிரேமைப் பார்த்தே சொன்னாள்.

போலி என்றால் எங்காவது தவறு செய்திருப்பார்கள். பெடல் தண்டுகளை இறுக்கிப் பிடிக்கும் கோட்டர் பின்களைத் தட்டிக் கழற்றி, இரண்டு தண்டுகளையும் மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பெடல் துளை வரையிலான நீளம் வலது தண்டில் இடதை விடக் குறைவாக இருந்தது. ஒரு விரல் நகத்தின் அகலம்தான். பெடல் திருகும் பழைய துளையை யாரோ பற்றவைத்து அடைத்துவிட்டு, கொஞ்சம் உள்ளே தள்ளிப் புதிதாகத் துளைத்திருந்தார்கள்.

தண்டை விளக்கடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அத்தீலியோவின் வலது கால் சற்றுக் குட்டை. அது ஊருக்குத் தெரியாது. அவளுடைய அப்பாதான் அவனுக்கு வலது ஷூவுக்குள் வைக்கத் தக்கையில் அட்டை செதுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். போட்டிக்காரர்களுக்குத் தெரிந்தால் அந்தக் குறையை வைத்தே அவனைத் தோற்கடிப்பார்கள் என்று யாரிடமும் மூச்சு விட்டதில்லை. கடையை அவளிடம் ஒப்படைத்தபோது இதையும் சொல்லி, நோயாளி ரகசியம் செத்த பிறகும் ரகசியம்தான் என்றார். போலி செய்கிறவனுக்கு இது எப்படித் தெரியும்?

மறுநாள் எண்ணெய்க் குப்பியோடு ஆலயத்துக்குப் போனாள். கௌதென்சியோ புதுப் பூட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"விழா வருது, செயினுக்கு எண்ணெய் விடறேன். இறக்கிக் குடு."

"சுவத்துலயே விடு. இறக்க வேண்டாம்."

"ஏன், கடிக்குமா?"

"சொன்னா கேளு மிரெல்லா."

ஸ்டூல் போட்டு ஏறினாள். பெடலைச் சுற்றுவதுபோலச் சுற்றி, இரண்டு தண்டுகளையும் விரல்களால் சாண் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே நீளம். எந்த வேலையும் செய்யப்படாத, கடையில் வாங்கியபடியே உள்ள தண்டுகள். எத்தனை விழாக்களில் இதன் முன்னால் மண்டியிட்டிருக்கிறாள்!

"கௌதென்சியோ, இது யாரோட சைக்கிள்?"

அவர் திருப்புளியைப் பார்த்துக்கொண்டே நின்றார். "எனக்குத் தெரியாது. சத்தியமா. அப்பா சாகறப்ப ஒண்ணே ஒண்ணு சொன்னாரு, அதை யாரும் இறக்க விடாதேன்னு. ஏன்னு கேட்டேன். கேக்காதேன்னாரு."

"அத்தீலியோவை வளைவுல பாத்துத் தூக்கிட்டு வந்தது உங்கப்பாதானே?"

"ஆமா."

"வேன்லயா?"

"வேன்லதான்," என்றார் கௌதென்சியோ. மிரெல்லா இறங்கி வந்தபோது ஒரு விஷயம் மனதில் அரித்தது. அத்தீலியோவின் மனைவி பல்மீரா அம்மா, கணவன் செத்த நாளிலிருந்து கௌதென்சியோ குடும்பத்தாரின் முகத்தைப் பார்த்ததில்லை. இறைச்சிகூடப் பஸ் ஏறிப் பக்கத்து ஊரில் வாங்குவார். கிழவிக்குத் திமிர் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

சனிக்கிழமை கொர்ராதோ வந்தபோது மிரெல்லா மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள். கைக்கு எட்டும் தூரத்தில் பெரிய ஸ்பேனர்.

"இதை எங்கேருந்து எடுத்தீங்க? பொய் சொன்னா இப்பவே போலீசுக்குப் போன் போடுவேன்."

அவன் நீல ஃபிரேமையே பார்த்தான். முகம் தளர்ந்தது. "நீலம்தான்," என்றான் மெதுவாக. "அப்ப நான் கனவு காணல."

பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். கேட்டு முடித்ததும் மிரெல்லா ஸ்பேனரை அலமாரியில் வைத்தாள். "இங்கேயே இருங்க," என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி பல்மீரா அம்மாவின் வீட்டுக்கு நடந்தாள். சொல்லலாமா கூடாதா என்று வழியெல்லாம் குழப்பம். கதவு திறந்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"உங்க வீட்டுக்காரரோட சைக்கிள் எங்கிட்ட இருக்கு. நிஜ சைக்கிள்."

கிழவி ஆச்சரியப்படவில்லை. "நசுங்கியிருக்கா?" என்று கேட்டார்.

"இல்லையே. ஏன்?"

அவர் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

சாப்பாட்டு அறையில் பல்மீரா அம்மா யாரையும் பார்க்கவில்லை. நேராகச் சைக்கிளிடம் போனார். முன்குழாயையும் மேல்குழாயையும் கண்ணாடி போட்டுக்கொண்டு விரலால் தடவித் தடவிப் பள்ளம் தேடினார். வளைவு ஏதும் இல்லை. மேசையில் கிடந்த வலது தண்டை எடுத்துத் துளையைப் பார்த்தார்.

"இதுதான். சுவத்துல மாட்டின அன்னைக்கே எனக்குத் தெரியும், அது அவனுது இல்லைன்னு. கசாப்புக்காரன் வேன்ல இடிச்சுட்டு, நசுங்கின வண்டியை மறைச்சுட்டான்னு நினைச்சேன். இதயம் நின்னுதான் செத்தான்னு எழுதிக் குடுத்த டாக்டரும் அவனோட சீட்டாடறவன்தானே." கொர்ராதோ பக்கம் திரும்பினார். "நீ யாரு? சொல்லு."

"எனக்கு அப்ப ஆறு வயசு. அப்பா இல்ல. வியாழக்கிழமைல ஒருத்தர் சைக்கிள்ல வருவாரு. பேரு தெரியாது, அம்மா சொல்ல மாட்டாங்க. ஒரு நாள் எங்க சமையலறைல சாப்பிட்டுட்டு இருந்தப்ப..." அவன் நிறுத்தினான்.

"நிறுத்தாத."

"தோர்த்தெல்லி, பூசணி உள்ள வச்ச மாவுப் பண்டம். ஏதோ சொல்லிச் சிரிச்சாரு. அப்படியே தலையைச் சாச்சுட்டாரு. தூங்கறாருன்னு நினைச்சேன். அம்மா போன் பண்ணாங்க, ஒரு ஆள் வேன்ல வந்தாரு. வேன்ல இறைச்சி வாடை. அவரைத் தூக்கிட்டுப் போனவரு தொழுவத்துல இருந்த சைக்கிளை அவசரத்துல மறந்துட்டாரு. மறுநாள் அம்மா அதுக்குப் பழுப்பு அடிச்சாங்க. மாமா பால் பண்ணைக்கு அதுலதான் போயிட்டு வந்தாரு. யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு எனக்குக் கட்டளை. அம்மா இந்த வசந்தத்துல செத்துப்போனாங்க. சைக்கிள் சீட்டைக் கழட்டினப்ப தோலுக்கு அடியில உங்க ஊர்ச் சங்கத்து முத்திரை இருந்துச்சு. அதான் வந்தேன். அந்த ஆள் யாருன்னு தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்."

பல்மீரா அம்மா தண்டை மடியில் வைத்துக்கொண்டார். மிரெல்லா தண்ணீர் ஊற்றி வைத்தாள். தொடவில்லை.

"வியாழக்கிழமைன்னா நீளப் பயிற்சின்னு சொல்வான்," என்றார் கடைசியில். "திரும்பி வந்தா பசிக்கலைம்பான். மலையேறி வந்தவனுக்கு எப்படிப் பசிக்காம இருக்கும்? அப்பவே நினைச்சேன். நினைச்சுட்டு விட்டுட்டேன். அப்புறம் இடிச்சுக் கொன்னுட்டாங்கன்னு நினைக்கறதுதான் எனக்குச் சுலபமா இருந்துச்சு." நிமிர்ந்தார். "வலிச்சிருக்குமா அவனுக்கு?"

"இல்லைன்னுதான் நினைக்கறேன். சிரிச்ச முகமாத்தான் இருந்தாரு."

"மழையில ரோட்டோரம் தனியாக் கிடந்தான்னு நாப்பது வருஷமா நான் தூங்கல." தண்டைத் திரும்ப மேசையில் வைத்தார். "உங்கம்மா பேரென்ன?"

"யோலே."

"யோலே," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார், ருசி பார்ப்பதுபோல. ருசி பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "நல்லா சமைப்பாளா?"

"சமைப்பாங்க."

"சமைச்சிருப்பா." எழுந்தார். "வண்டியை நீயே கொண்டுபோ. ஊருக்கு ஒண்ணு சுவத்துல தொங்குது, அது போதும். எனக்கு வேண்டாம்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கிழவி கையைத் தூக்கி நிறுத்திவிட்டு, படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை காலை பல்மீரா அம்மா கசாப்புக்கடைக்குள் நுழைந்தபோது, வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவர் வரிசையைத் தாண்டி நேராகக் கல்லாவின் முன் போய் நின்றார்.

"உங்கப்பனைக் கொலைகாரன்னு நினைச்சிருந்தேன்," என்றார் கௌதென்சியோவிடம். "வெறும் பொய்யன்தான். உங்கிட்டச் சொல்லணும்னு தோணிச்சு."

எதுவும் வாங்காமல் வெளியே போனார். கௌதென்சியோ கடையைப் பாதியில் மூடிவிட்டு, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் மிரெல்லாவின் வீட்டுப் படியேறி வந்தார். நடந்ததை அவள் முழுவதும் சொன்னாள்: யோலேயின் சமையலறை, அங்கிருந்து அவர் அப்பா வேனில் கொண்டுவந்து வளைவில் கிடத்திய உடல், மறந்துபோன சைக்கிளுக்குப் பதிலாகச் சுவரில் மாட்டிய வேறொன்று. அவர் சக்கரங்களை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்.

"நீயும் அப்படித்தானே நினைச்ச?" என்று கேட்டார். "அன்னைக்கு ஆலயத்துல. எங்கப்பாதான் இடிச்சாருன்னு."

மிரெல்லாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ஆமா. நினைச்சேன்."

கௌதென்சியோ தன் பெரிய, சிவந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும்தான்," என்றார். "அவரு சாகறப்ப பக்கத்துல உக்காந்திருந்தேன். கையை நீட்டினாரு. பிடிக்கல நான்."

மிரெல்லா அலமாரியில் பிரேக்குகளுக்குப் பின்னால் இருந்த ஒயின் பாட்டிலை எடுத்து, இரண்டு தம்ளர்களைக் கழுவினாள்.