மூன்று மிதி

ஓக் மரத்தூணின் அடியில் வில்மட் பிரீஸின் விரல் இரண்டு கணு வரைக்கும் உள்ளே போய்விட்டது. மாலை கட்ட ஆணி அடிக்கப்போன இடத்தில் கறுப்புப் பெயின்ட் பொருக்காகப் பெயர்ந்து வந்தது. உள்ளே ஈரமான மரத்தூள். முந்நூற்றைம்பது வருஷமாக எட்டுத் தூண்களின் மேல் நிற்கிற சந்தை மண்டபம். கீழே வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் விற்கிற திறந்தவெளி, மேலே ஊர்ச்சபைக் கூடம். அந்தக் கூடத்தில் இப்போது எழுபது பேர்.

மண்டபத்தைப் பராமரிப்பது அவர் வேலை. பதினோரு வருஷத்துக்கு முன் இந்தத் தூணில் விரிசல் கண்டபோது தச்சனைக் கூப்பிடாமல் அவரே சிமென்ட்டைக் குழைத்து அடைத்தார். பழைய ஆட்கள் சுண்ணாம்புதான் பூசுவார்கள், ஈரம் வெளியேறிவிடும். சிமென்ட் உள்ளே இறங்கிய தண்ணீரை விடாது. இது அவருக்குத் தெரியாதா? தெரியும். அவசரம், சோம்பல், கூடவே கொஞ்சம் திமிர். "நம்ம கை பட்டுடுச்சுல்ல, இன்னும் முந்நூறு வருஷம் நிக்கும்" என்று பியர்க்கடையில் அளந்து வேறு விட்டிருந்தார்.

இன்று அவர் மகள் நெஸ்டா ஊர்த் தலைவியாகப் பதவி ஏற்கிறாள். உறுதிமொழி முடிந்ததும் கூடத்திலிருக்கிற அத்தனை பேரும் தரையை மூன்று தடவை ஓங்கி மிதிக்க வேண்டும். மண்டபம் தாங்கினால் புதிய தலைவரை ஊரும் தாங்கும் என்று கணக்கு.

படியேறிப் போய் மகளை வாசலில் பிடித்தார்.

"இந்த வருஷம் மிதிக்க வேணாம்னு சொல்லிடும்மா."

"ஏம்ப்பா?"

வாய் வரைக்கும் வந்தது. தலைவிக்கென்று கழுத்தில் போட்டிருந்த பதவிச் சங்கிலிக்கு மேலே பூரித்திருந்த அவள் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்.

"வயசானவங்க இருக்காங்கல்ல... கால் வலிக்கும்."

"உனக்குத்தாம்ப்பா படபடப்பு. கீழ போய் ஒரு டீயக் குடி, போ." சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

கீழே வந்து தூணுக்கு முதுகைக் கொடுத்துப் பார்த்தார். எழுபத்திரண்டு வயது முதுகு. கோழைப்பயலே, கோழைப்பயலே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். மேலே அவள் குரல் உறுதிமொழியைச் சொல்லி முடித்தது. முதல் மிதி விழுந்தது. தூணிலிருந்து பழுப்புத் தூள் அவர் ஷூவின் மேல் கொட்டியது.

ஓடினார். பாதிப் படியில் இரண்டாவது மிதி. கதவைத் தள்ளிக்கொண்டு விழுந்தார்.

"மிதிக்காதீங்க! தூணு அழுகிக் கெடக்கு! நான்தான்... நான்தான் சிமென்ட்ட அடைச்சு அழுக வச்சேன்!"

எழுபது பேரும் ஒரு காலைத் தூக்கியபடி நின்றார்கள். தூக்கிய காலைக் கீழே வைக்க ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. எங்கோ ஒரு உத்தரம் முனகியது. நெஸ்டா அப்பாவைப் பார்க்கவில்லை. குனிந்து, தூக்கிய காலின் ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வெறும் பாதத்தை மெல்ல, மிக மெல்லப் பலகையை நோக்கி இறக்கினாள்.