ஓடையோரம் உழாமல் விட்ட நிலம்

நாற்பதைத் தாண்டிய பிறகும் அந்த வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்றுதான் பெயர். அக்காக்காரி கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய்விட்டாள். நகரத்து மருந்துக்கடையில் நின்றபடியே பாதி ஆயுளைக் கழித்த சின்னவள்தான், அப்பா தொழுவத்தில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டபோது ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். பத்து நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள். அப்படி வந்தவர்கள் திரும்பிப் போன கதையை நீங்களும் அதிகம் கேட்டிருக்க மாட்டீர்கள்.

பண்ணை இப்போது அவள் பெயரில் இருக்கிறது. இடுப்பு கொஞ்சம் கூடித் தடியோடு நடக்கத் தொடங்கியதும் அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். கையெழுத்துப் போட்ட கை, மறுநாள் விடியற்காலை பழையபடி தொழுவத்துக் கதவைத் திறந்தது. அவள் எழுந்து போவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். முடிந்த வேலையைப் பார்த்துக்கொண்டு அவள் கொட்டாவியோடு நிற்பாள். "என்னம்மா, இப்பத்தான் விடிஞ்சுதா?" என்பார் அப்பா. கேலிதான். ஆனால் தினம் தினம் கேட்டால் கேலியும் கொஞ்சம் கனக்கத்தான் செய்யும்.

பால் விற்ற காசு தீவனத்துக்கே சரியாகப் போய்விடுகிறது. புதிதாகப் பண்ணையை ஏற்று நடத்துகிறவர்களுக்கு அரசாங்கம் தரும் மானியம் வந்தால் மாடுகள் நிற்கும். வராவிட்டால் குளிர் தொடங்குவதற்குள் விற்றாக வேண்டும். அதற்கு அவர்கள் வைத்த நிபந்தனைகளில் முக்கியமானவை இரண்டு. பண்ணையை நடத்துகிறவள் உண்மையாகவே அவளாக இருக்க வேண்டும். பேருக்கு மகள், பின்னால் அப்பா என்கிற கதையெல்லாம் ஆகாது. இன்னொன்று, வயலின் கீழ்க்கோடியில் ஓடையை ஒட்டி ஒரு பட்டை நிலத்தை உழாமல், மருந்தடிக்காமல், புல்லும் பூச்சியும் தம் பாட்டுக்குக் கிடக்க விட்டுவிட வேண்டும்.

முதலாவது நிபந்தனையை அப்பாவிடம் எப்படியோ சொல்லிவிட்டாள். இரண்டாவதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஏனென்றால் அப்பா தண்ணீர் விளிம்புவரை உழுகிறவர். டிராக்டரின் ஒரு சக்கரம் ஓடையைத் தொட்டுவிடுமோ என்று பார்க்கிறவர்கள் பல்லைக் கடிப்பார்கள். அவர் விசிலடித்துக்கொண்டு திருப்புவார். ஓரத்தில் களை விட்டவனை அவர் விவசாயிக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார். அப்படிப்பட்டவரிடம் போய், "அப்பா, நம்ம ஓரத்துல களை வளரணும், அதுக்குத்தான் காசு தர்றாங்க" என்று எந்த முகத்தோடு சொல்வது? இடுப்பு முறிந்த மனுஷர் இனி டிராக்டரில் ஏறப் போவதில்லை, கீழ்க்கோடிக்கு நடக்கவும் போவதில்லை, அப்புறம் எதற்கு அவரை நோகடிக்க வேண்டும் என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். புல் முழங்கால் உயரம் வளர்ந்தது. நீலமாக என்னென்னவோ சின்னப் பூக்கள் பூத்தன. வேலை ஓய்ந்த நேரம் கிடைத்தால், அது எப்போதாவதுதான் கிடைக்கும், அங்கே போய் நின்றுவிட்டு வருவாள்.

மானியத்துக்காகப் பண்ணையை ஆய்வு செய்ய ஆள் வரப்போகும் நாள் காலையில் அவள் பால்பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். கீழ்ப்பக்கமிருந்து டிராக்டர் சத்தம் வந்தது. பக்கத்துப் பண்ணையாக இருக்கும் என்று நினைத்தாள். இன்னொரு பாத்திரத்தைக் கையில் எடுத்தபோதுதான் அந்த இருமல் அவளுக்குப் பிடிபட்டது. அவர்கள் வீட்டு டிராக்டர்தான் திரும்பும்போது அப்படி இருமும்.

ஓடினாள். ரப்பர் பூட்ஸோடு ஓடுவது எப்படியிருக்கும் என்று ஓடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அவள் போய்ச் சேர்ந்தபோது அப்பா கைத்தடியை ஊன்றி இறங்கிக்கொண்டிருந்தார். ஓடைவரைக்கும் மண் கறுப்பாக, ஈரமாக, மடிப்பு மடிப்பாகப் புரண்டு கிடந்தது. ஒரு பூ பாக்கியில்லை.

"இப்பப் பாரு" என்றார். முகமெல்லாம் வியர்வை, அதற்கு மேலே சிரிப்பு. "தலையைச் சீவி ஒரு பக்கத்தை மட்டும் பரட்டையா விட்ட மாதிரி இருந்துச்சு. வர்ற அதிகாரி பாத்தா நம்ம மானம் என்னாகுறது? நீ பாவம், தனியா அல்லாடுற. உனக்கு ஓரம் வரைக்கும் வர நேரமில்லைன்னு எனக்குத் தெரியாதா?"

அவளுக்கு உதவி செய்திருக்கிறார். உடைந்த இடுப்போடு ஏறி உதவி செய்திருக்கிறார். "வாங்கப்பா, மெதுவா" என்று மட்டும் சொல்லி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சமையலறையில் அம்மா விஷயத்தைக் கேட்டு அடுப்பை அணைத்தாள்.

"அவர்கிட்ட சொன்னியா, சொல்லலையா?"

"சொல்லலைம்மா."

"ஏன்டி?"

"எப்படிச் சொல்றது?"

"வாயாலதான். வேற எதால சொல்லுவாங்க?" அம்மா கையை முந்தானையில் துடைத்தாள். "உங்கப்பாவைச் சும்மா உக்கார வைக்க என்னால இத்தனை வருஷமா முடியல. சொல்லாமலே கேட்டுக்குவார்னு நீ நினைச்சியாக்கும். சரி, விடு. நீயே தெரியாம உழுதுட்டதாச் சொல்லிடு. புதுசுன்னு விட்டுருவாங்க."

அவளும் அப்படித்தான் சொல்லலாம் என்று முடிவு செய்தாள். அப்பா உழுதார் என்றால் இந்தப் பண்ணையை நடத்துவது யார் என்ற கேள்வி வந்துவிடும். ஓரம் போனாலும் பரவாயில்லை, மொத்தமும் போய்விடக் கூடாது.

மதியத்துக்கு மேல் தூறலோடு ஆய்வாளரம்மா வந்தாள். சின்னவளின் வயதுதான் இருக்கும். காரைவிட்டு இறங்கியதும் இடுப்பில் கைவைத்து ஒருமுறை நிமிர்ந்துகொண்டாள். அன்றைக்கு எத்தனை பண்ணைச் சேற்றை மிதித்தாளோ, பூட்ஸில் நிறம் நிறமாகக் காய்ந்திருந்தது. தேநீர் வேண்டாம் என்றாள், நாற்காலி கிடைத்தால் போதும் என்றாள். பாவம், அவளும் உழைத்து அலுத்த பிள்ளைதான்.

தொழுவத்தில் கேள்விகள் ஆரம்பித்தன.

"இந்தக் கன்னு எப்ப பிறந்தது?"

"போன மாசக் கடைசியில" என்றார் அப்பா.

"மடிவீக்கத்துக்கு மருந்து குடுத்தீங்களா?"

"குடுத்தோம். இப்பத் தேவலை" என்றார் அப்பா.

"தீவனம் யார் முடிவு பண்றது?"

"அதெல்லாம் பொண்ணுதான்!" என்றார் அப்பா, சொல்லிக்கொடுத்த பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

ஆய்வாளரம்மா போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஐயா, நான் அவங்களைத்தான் கேக்குறேன்."

"அவ கொஞ்சம் கூச்சப்படுவா, அதான்."

சின்னவளுக்குக் காது சுட்டது. மருந்துக்கடையில் எத்தனை பேருக்கு எத்தனை விதமாகப் பதில் சொன்னவள்! இந்தத் தொழுவத்துக்குள் வந்தால் மட்டும் அவளுக்குப் பாவாடை கட்டிய வயது திரும்பிவிடுகிறது.

கீழ்க்கோடிக்கு நடந்தார்கள். அப்பா தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் போனார். விருந்தாளிக்குப் புது வீட்டைச் சுற்றிக்காட்டுகிற நடை. ஆய்வாளரம்மா, சின்னவள் விண்ணப்பத்தோடு அனுப்பிய புல்பட்டையின் படத்தைப் போனில் பார்த்தாள், கறுப்பு மண்ணைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

"இது யார் உழுதது?"

சின்னவள் தயாராக வைத்திருந்த பொய்யை எடுப்பதற்குள், "நான்தான்!" என்றார் அப்பா. "காலையிலதான் உழுதேன். எப்படி இருக்கு? ஓரம் வரைக்கும் சுத்தம்."

அப்பா ஆய்வாளரம்மா முகத்தைப் பார்த்தார், பிறகு மகள் முகத்தைப் பார்த்தார். அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. "ஏம்மா?" என்றார். "உழக் கூடாதா?"

"இங்க முடிவெடுக்குறது யாரு?" என்று ஆய்வாளரம்மா கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. களைப்பாகத்தான் கேட்டாள். அதுதான் பயமாக இருந்தது.

சின்னவள் ஈர மண்ணைப் பார்த்தபடி பேசினாள்.

"அவர் உழுதாரு. உழக் கூடாதுன்னு அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நான் சொல்லல. சொன்னா மனசு கஷ்டப்படுவாருன்னு, இல்ல, பொய். எனக்குப் பயம். அவர்கிட்ட ஒண்ணைச் செய்யாதீங்கன்னு நான் இதுவரைக்கும் சொன்னதே இல்ல. சொல்ல வேண்டியது நான்தான். அதனால இந்தத் தப்பு என்னோடது."

"இனிமே?"

இனிமே என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஆய்வாளரம்மா மழையில் காத்துக்கொண்டு நின்றாள். பதிலை வாயால் சொன்னால் மட்டும் போதாது என்று சின்னவளுக்குப் புரிந்தது. அப்பா பக்கம் திரும்பினாள்.

"அப்பா. ஓடையோரம் இனிமே டிராக்டர் இறங்கக் கூடாது. களை வளரும். அது அப்படியேதான் கிடக்கும். நீங்க டிராக்டர்ல ஏறவும் கூடாது."

கடைசியில் சொன்னது அரசாங்கம் கேட்காதது. அவளாகச் சேர்த்துக்கொண்டது.

அப்பா தடியால் ஒரு மண்கட்டியை உடைத்தார். இன்னொன்றையும் உடைத்தார். கிழவருக்குத் தாடை அசைந்தது. அடிபட்ட பிறகுகூட அப்படி முகம் சுருங்கி யாரும் பார்த்ததில்லை.

"சரிங்க முதலாளி" என்றார் கடைசியில். குத்தல்தான். ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டார்.

ஆய்வாளரம்மா தலையைக் குனிந்து போனில் தட்டினாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. "இந்தப் பட்டைக்கு இந்த வருஷம் ஒண்ணும் கிடைக்காது. திரும்பப் புல் விதைக்கணும், நான் வந்து பாப்பேன். மத்த நிலத்துக்கு, நடத்துறது நீங்கன்னுதான் எழுதுறேன்." காருக்குப் போகிற வழியில் சின்னவளிடம் மெதுவாகச் சொன்னாள்: "எங்கப்பா டீ போடுறதைக்கூட நிறுத்தச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரல. கேஸை மூட மறந்துடுறாரு."

சாயங்காலம் மடிவீக்கம் ஆறிவந்த பசுவை மட்டும் சின்னவள் இயந்திரம் போடாமல் கையால் கறந்துகொண்டிருந்தாள். மாடுகள் நிற்கும். அதை நினைத்துச் சந்தோஷப்படக்கூட உடம்பில் தெம்பில்லை. கதவருகே தடி ஊன்றும் சத்தம் வந்து நின்றது.

"எந்தப் புல்லு விதைக்கப் போற?"

"தெரியலப்பா. உங்களைத்தான் கேக்கணும்."

"அப்ப கேளு."

"நாளைக்குக் கேக்குறேன். இன்னைக்கு முடியல."

"ம்" என்றார் அவர். பிறகு நிறைந்த பால்வாளியின் பிடி கிளிங்கென்றது. ஒரு கையில் தடி, மறு கையில் வாளி, உடைந்த இடுப்பு. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்பா, அதை அங்கேயே வைங்க."

பசு அசைபோட்டது. கூரைத் தகரத்தில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. அப்புறம் வாளி தரையில் மெதுவாக உட்காரும் சத்தம் கேட்டது. சின்னவள் பசுவின் வெதுவெதுப்பான விலாவில் நெற்றியைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, கறப்பதைத் தொடர்ந்தாள்.